மில்லி மேஸ்திரியும் எங்கள் குளியலறைக் கதவும்

நம் நாடு அடியையும் அங்குலத்தையும் கைவிட்டு மெட்ரிக் முறைக்கு மாறி நெடுங்காலம் ஆகிவிட்டது என்று பள்ளிப் புத்தகங்கள் கூறுகின்றன. நான் அறிந்தவரை, உண்மையில் மாறியது ஒரே ஒருவர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், பம்புகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கான மரப்பெட்டிகளைச் செய்துவந்த தச்சர் அவர். மற்ற நாமெல்லாம் மாறிவிட்டதாகக் கையெழுத்துப் போட்டவர்கள், அவ்வளவுதான்.

தொழிற்சாலையில் அவருக்கு மில்லி மேஸ்திரி என்று பெயர். மில்லிமீட்டரைத் தவிர வேறோர் அளவை அவர் வாய் உச்சரிக்காது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த சிலர் இதை வேறு மில்லி என்று எண்ணி, சம்பள நாளன்று மாலையில் மிகுந்த ஆர்வத்துடன் அவரைப் பின்தொடர்ந்ததுண்டு. அவர் நேரே ரயில் நிலையத்துக்குப் போய், ஒரு டீ குடித்துவிட்டு, தம் ஊரான ஆரம்பாக்கத்துக்கு வண்டி ஏறுவதைக் கண்டு மனமுடைந்து திரும்பியதும் உண்டு.

அவரைப் பற்றி இப்போது எழுதக் காரணம் ஒரு கதவு. மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மனைவி ராஜத்தின் கால்கள் செயலிழந்தன. கல்லூரியில் வரலாறு கற்பித்தவள்; எதற்கும் எவரையும் எதிர்பார்த்துப் பழகாதவள். சக்கர நாற்காலி வாழ்க்கைக்கு அவள் விதித்தது ஒரே ஒரு நிபந்தனை. குளியலறைக்கு மட்டும் துணையின்றித் தானே போய்வர வேண்டும். அந்த நிபந்தனை நிறைவேறுமா இல்லையா என்பது, கடைசியில், இந்த மனிதரின் டேப்பில் வந்து நின்றது. அதைச் சொல்வதற்கு முன், அவர் எப்படிப்பட்டவர் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அதே தொழிற்சாலையில் நான் அளவுச் சோதனைப் பிரிவின் தலைவன். தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு பிழையிருந்தாலும் பம்பின் தண்டைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் எனக்கு இருந்தது. ஆனால் மாலையில் வாயிலைக் கடந்துவிட்டால் என் உயரம் ஐந்தடி ஏழங்குலம். என் காய்ச்சல் நூற்றிரண்டு. என் வீடு ஆயிரத்து நூறு சதுர அடி. அது நிற்கும் மனை ஐந்து சென்ட். மனைவியின் வளையல் நான்கு பவுன். அவள் கூந்தலில் பூ ஒரு முழம். பாலையும் பெட்ரோலையும் மட்டும் லிட்டரில் வாங்கிக்கொண்டு நவீன மனிதனாக வாழ்ந்துவந்தேன்.

மேஸ்திரி இதைக் கண்டுபிடித்துவிட்டார்.

“கேட்டுக்குள்ள இருக்கற வரைக்கும்தான் சார் நீங்க மில்லிமீட்டரு. கேட்டத் தாண்டிட்டா வெள்ளக்காரன் ஆளு,” என்றார் ஒருநாள், சாப்பாட்டுக் கூடத்தில், என் உதவியாளர்கள் முன்னிலையில். நான் மோரை ஊற்றிக்கொண்டேன்.

அவரும் பிறவியிலேயே இப்படி இருந்தவர் அல்லர். எல்லாத் தச்சர்களையும் போல ஓர் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரித்து, ‘ரெண்டு நூல் கம்மி, அரை நூல் தூக்கல்’ என்று பேசிக்கொண்டிருந்தவர்தான். அவரை மாற்றியது ஒரு புள்ளி.

ஒரு பம்புக்கு எவ்வளவு நீளமான பெட்டி வேண்டும் என்று அளந்து பார்த்த மேஸ்திரி, ஐந்தடி பத்தங்குலம் என்பதை ஒரு பலகைத் துண்டில் பென்சிலால் 5.10 என்று எழுதி அனுப்பினார். இங்கே எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். புள்ளிக்கு முன்னால் அடி, பின்னால் அங்குலம். மில்லிமீட்டராக மாற்றப்படுவதற்காக அந்தப் பலகை, மெத்தப் படித்த ஒருவரின் மேசைக்கு வந்தது. அவர் கால்குலேட்டரில் ஐந்து, புள்ளி, ஒன்று, பூஜ்யம் என்று தட்டினார். கால்குலேட்டருக்கு நம் ஊர்ப் புள்ளியின் பொருள் தெரியாது. அதன் கணக்கில் அது ஐந்தடியும், ஓர் அடியில் பத்தில் ஒரு பங்கும். மரம் அறுக்கும் மில்லில் அந்த அளவுக்கே பலகைகள் அறுபட்டு வந்தன. பெட்டி முடிந்து, கிரேனில் பம்பை இறக்கியபோது, தண்டு மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு, கூடையில் அடைத்த வாத்தின் கழுத்தைப் போல, வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

“இன்னா மேஸ்திரி, காத்து வாங்கட்டும்னு தலைய வெளிய உட்டுட்டியா?” என்றார் லாரி டிரைவர்.

மெமோ மேஸ்திரிக்குப் போனது. கால்குலேட்டர் என்னுடையது என்று நான் எழுதிக்கொடுத்த விளக்கம் அதற்கு இரண்டு நாள் பின்னால் போனது. மன்னிப்புக் கேட்பதற்காகப் பெட்டிப் பிரிவுக்குச் சென்றேன். அவர் அந்தப் பலகைத் துண்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தப்பு உங்க மேலயும் இல்ல, என் மேலயும் இல்ல சார். எல்லாம் இந்தப் புள்ளி பண்ண வேல. மில்லிமீட்டர்ல பாருங்க, புள்ளியே கெடையாது. எல்லாம் முழு நம்பரு,” என்றார்.

அன்று மாலையே கறுப்பு எனாமல் பெயின்ட்டைக் கொண்டுவந்து, பெட்டிப் பிரிவிலிருந்த எல்லா டேப்புகளிலும் அங்குல ஓரத்தைப் பூசி அழித்தார். அங்குலம் என்று ஒன்று உலகில் இல்லை என்பது அவருடைய கொள்கையாயிற்று. கொள்கை தொழிற்சாலைக்குள் இருந்தவரை நன்மையே விளைந்தது. அது வெளியே நடமாடத் தொடங்கியபோதுதான் சேதம்.

ரயில் நிலைய வாசலில் பூ விற்ற பேபியம்மாவிடம் போய், “கனகாம்பரம் ஐநூறு மில்லிமீட்டர் குடும்மா,” என்றார்.

“இன்னா நைனா, பூ கேக்கறியா, பைப்பு கேக்கறியா?”

“மொழம்னா யாரு மொழம்? ஆளுக்கு ஒரு கை. அதெல்லாம் ஒரு அளவா?”

“பூ என்னுது, கை என்னுது. பேஜாரு பண்ணாம டேப்ப மடிச்சி வெச்சிக்கினு போ. வண்டி வர்ற நேரத்துல வந்துட்டான் இஞ்சினீரு!”

அவர் சளைக்கவில்லை. வாசலிலிருந்த நான்கு பூக்காரர்களின் கையையும், முழங்கை முதல் நடுவிரல் நுனி வரை, முறையாக அனுமதி பெற்று அளந்தார். மறுநாள் தொழிற்சாலைக்குள் முடிவு அறிவிக்கப்பட்டது. “பேபியம்மா கை நானூத்தி அறுவத்தஞ்சு. மத்த மூணு பேரும் நானூத்தி முப்பதத் தாண்டல.” ஒரு ஷிஃப்ட் முடிவதற்குள் செய்தி தொழிற்பேட்டை முழுவதும் பரவியது. அன்று மாலை பேபியம்மாவின் கூடைக்கு முன்னால் ஒழுங்கான வரிசை நின்றது. மற்ற மூவரும் ஒரு வாரம்வரை அவரை எந்த வாசல் வழியாகவும் நிலையத்துக்குள் விடவில்லை. தண்டவாளத்தைச் சுற்றிக்கொண்டு போய் வண்டி ஏறினார். பேபியம்மா மட்டும் அவரைக் கண்டால், “மில்லி நைனாவுக்கு வழி உடுங்கடி!” என்று முழங்குவார்.

பிளைவுட் கடைகளில் அவரைக் கண்டாலே கணக்கெழுதுபவர்கள் உள்ளே போய்விடுவார்கள். பிளைவுட்டின் நீள அகலத்தை அடியிலும் கனத்தை மில்லிமீட்டரிலும் சொல்வது நம் நாட்டு வழக்கம். “ஒரே பலகைக்கு நீளம் ஒரு நாடு, கனம் ஒரு நாடா?” என்று அவர் கேட்கும் கேள்விக்கு இன்றுவரை எந்தக் கடையிலும் விடை இல்லை.

ஒருமுறை காய்ச்சலோடு கிளினிக்குக்குப் போனார். எவ்வளவு இருக்கிறது என்று நர்ஸ் கேட்டிருக்கிறார்.

“ஊட்டுலயே பாத்துட்டேம்மா. முப்பத்தொம்பது.”

“முப்பத்தொம்பதா? அதுக்கு இங்க ஏன் வந்தீங்க? அப்படியே சுடுகாட்டுக்கு எடுத்துக்கினு போவ வேண்டியதுதான!”

அது செல்சியஸ் என்று விளக்கி முடிப்பதற்குள் நாற்பது ஆகிவிட்டதாக மேஸ்திரி பிற்பாடு குறைபட்டுக்கொண்டார்.

காலக்கிரமத்தில் இருவரும் ஓய்வு பெற்றோம். நான் வேப்பம்பட்டில் கட்டியிருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அது மனையடி சாஸ்திரப்படி கட்டிய வீடு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. என் மைத்துனருக்கு இருந்தது. வீடு அவர் மேற்பார்வையில் எழும்பியது. பதினோரடி நல்லது, பன்னிரண்டு ஆகாது, பதினாறு சிறப்பு என்று ஒவ்வோர் அறைக்கும் யோகமான அடியைக் கொடுத்து முடித்த பிறகு, மீந்துபோன இடத்தில் குளியலறை வைத்தார்கள். அதற்கு இரண்டரை அடிக் கதவு.

சக்கர நாற்காலி வந்தது. அதன் அகலம் இருபத்தைந்து அங்குலம் என்று கடைக்காரர் சொன்னார். இரண்டரை அடி என்றால் முப்பது அங்குலம். முப்பதில் இருபத்தைந்து போக, ஐந்து அங்குலம் தாராளம். ஆயுள் முழுவதும் அளந்தே பிழைத்த நான், அளக்காமல் ராஜத்திடம் சொன்னேன்:

“நன்றாகப் போகும்.”

நாற்காலி கதவு நிலையில் முட்டிக்கொண்டு நின்றது. இரண்டரை அடிக் கதவு என்பது, நிலையின் மரக்கட்டைகளையும் சேர்த்து, வெளியே தொடங்கி வெளியே முடிகிற அளவு. உள்ளே கிடைக்கிற வழி அதைவிடக் குறைவு. திறந்த கதவின் கனம் அதிலும் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும். கொத்தனார் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். “செவுத்த ஒடச்சி மூணடி ஆக்கிடலாம் சார். பைப்பெல்லாம் மாத்தணும். ஒரு மாசம் ஆவும்,” என்றார்.

அதுவரைக்கும் உதவிக்கு வைத்துக்கொண்ட இரண்டு பெண்கள் அவளை ஆளுக்கொரு பக்கம் தூக்கிச் சென்றார்கள். ராஜம் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். காலையில் நான் வைக்கும் சொம்பு மாலையில் அப்படியே இருந்தது.

நான்காம் நாள் டேப்பை எடுத்தேன். கிடைக்கும் வழி 605. நாற்காலி 640. மேஸ்திரிக்குத் தொலைபேசியில், “எனக்கு முப்பத்தைந்து மில்லிமீட்டர் வேண்டும்,” என்றேன். மறுமுனையில் அவர் என் முகவரியைக் கேட்டு எழுதிக்கொண்டார். ஓய்வுக்காலத்தில் நான் திருந்திவிட்டேன் என்று நினைத்திருக்கலாம்.

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். ஆரம்பாக்கத்திலிருந்து பேசின் பிரிட்ஜ் வரை ஒரு வண்டி, அங்கிருந்து வேப்பம்பட்டுக்கு இன்னொரு வண்டி. கருவிப் பையை இறக்கி வைத்துவிட்டு ராஜத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

“எட்டரைக் கோடி மில்லிமீட்டர் தாண்டி வந்துகிறேம்மா. ஒரு காப்பி சொல்லுங்க.”

ராஜம் அவரைப் பற்றி என் வாய்மொழியாக எல்லாம் கேட்டிருந்தாள்; நேரில் பார்ப்பது அதுதான் முதல் முறை. பல நாள் கழித்து அவள் முகத்தில் பழைய வகுப்பறைக் குறும்பு எட்டிப் பார்த்தது.

“மேஸ்திரி, என் உயரம் அஞ்சடி ரெண்டங்குலம். அதையும் மாத்திடுவீங்களா?”

“அங்குலம்னு ஒண்ணு கெடையாதும்மா. நீங்க ஆயிரத்து ஐநூத்தி எழுவத்தஞ்சு.”

“அடேயப்பா! உக்காந்த எடத்துலேயே இவ்வளவு வளந்துட்டேனா?”

மேஸ்திரி சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. மேல்வரிசையில் ஒரு பல் இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

வீட்டைச் சுற்றிப் பார்த்தார். எந்த அறைக்கு ஏன் எந்த அளவு என்று என் மைத்துனரின் விளக்கத்தைச் சொன்னேன். “சாஸ்திரம் எழுதன காலத்துல பாத்ரூமு ஊட்டுக்குள்ள இல்ல சார். அவங்க மேல குத்தம் இல்ல,” என்று பெருந்தன்மையுடன் தீர்ப்பளித்தார். பிறகு நான் எழுதி வைத்திருந்த காகிதத்தைக் கொடுத்தேன். கதவை இழைத்து, நிலையைக் கொஞ்சம் செதுக்கினால் முப்பத்தைந்து கிடைத்துவிடும் என்றும் ஆலோசனை கூறினேன். அவர் காகிதத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு ராஜத்திடம் போனார்.

“அம்மா, சக்கரத்தப் புடிங்க. தள்ளிக்கினு வர்ற மாரி, ரெண்டு கையாலயும்.”

அவள் சக்கரங்களின் ஓரத்திலிருந்த வளையங்களைப் பிடித்தாள். மேஸ்திரி தரையில் மண்டியிட்டு, ஒரு கையின் விரல் முட்டியிலிருந்து மறு கையின் விரல் முட்டி வரை டேப்பை நீட்டினார். இருமுறை பார்த்தார்.

“எழுநூத்தி நாலு,” என்றார் என்னிடம். “நீங்க நாற்காலிய அளந்துகிறீங்க சார். அம்மாவ அளக்கல.”

நான் அவரிடமிருந்து காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

“நீங்க சொன்ன மாரி செஞ்சா நாற்காலி போவும். பின்னால இருந்து யாராச்சும் தள்ளிக்கினு போனா போவும். அம்மாவா போனாங்கன்னா ரெண்டு பக்கமும் கை முட்டி தோலு உறிஞ்சிக்கும். அவங்க தனியாத்தான போவணும்னாங்க?”

முப்பதாண்டு அனுபவமும் இரண்டு பட்டங்களும் கொண்ட ஒருவன் தலையை மட்டும் அசைத்தான்.

தீர்வையும் அவரே சொன்னார். சுவரை உடைக்க வேண்டாம். மர நிலையின் இரண்டு கால்களையும் கழற்றிவிட்டு, சுவரின் ஓரத்தில் மெல்லிய பலகையைப் பதித்தால் 726 கிடைக்கும். கதவு உள்ளே திறக்கக் கூடாது. வெளிச்சுவரில் தண்டவாளம் போட்டுத் தொங்கவிட்டால் பக்கவாட்டில் ஓடும். இரண்டே நாள் வேலை.

அந்தத் தண்டவாளம் வாங்கப் போனதில்தான் வேலை நின்றது. கடைவீதிக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்பினார். “ஆயிரத்து ஐநூறுன்னு கேட்டா, அடில சொல்லு அறுத்துத் தர்றேன்ங்கறான் சார். அடின்னா எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்,” என்றார். ஒரு தியாகியின் முகம். நான் போய் வாங்கி வருகிறேன் என்று சட்டையை எடுத்தேன். ராஜம் கையமர்த்தினாள்.

“மேஸ்திரி, எனக்காக ஒரே ஒரு தடவை அடின்னு சொல்லிட்டு வாங்களேன். இன்னைக்கு ராத்திரிக்குள்ள அந்தக் கதவு எனக்கு வேணும்.”

மேஸ்திரி டேப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். பிறகு செருப்பை மாட்டினார். நானும் உடன் போனேன். கடைக்காரர் எங்களைக் கண்டதும், “வாங்க, இப்ப எத்தினி?” என்றார்.

“அஞ்சு…” என்றார் மேஸ்திரி.

“அஞ்சு இன்னா?”

“அஞ்சு அடி.”

“சத்தமா சொல்லுங்க, மிஷின் ஓடுது.”

“அஞ்சடி!” என்று கத்தினார். தெருவில் போன இருவர் திரும்பிப் பார்த்தார்கள். வீடு வரும்வரை அவர் தண்டவாளத்தைத் தோளில் சுமந்துகொண்டு எனக்கு முன்னால் நடந்தார். இதைக் கும்மிடிப்பூண்டியில் எவரிடமும் சொல்லக் கூடாது என்று மட்டும் வாசலில் நின்று சத்தியம் வாங்கிக்கொண்டார். ராஜம் கேட்டபடி அன்று இரவுக்குள் முடியவில்லை. மறுநாள் பிற்பகலில் முடிந்தது. சத்தியத்தை இப்போது மீறியிருக்கிறேன். வாசகர்களில் கும்மிடிப்பூண்டிக்காரர்கள் இருந்தால் அருள்கூர்ந்து அறியாததுபோல் இருந்துவிட வேண்டும்.

கதவு தயாரானதும் ராஜம் வளையங்களைப் பற்றிக்கொண்டு முன்னேறினாள். மேஸ்திரி மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் கை முட்டிகளையே பார்த்தார். இரு பக்கமும் இடைவெளி பதினொன்று, பதினொன்று. எதிலும் உரசாமல் உள்ளே போனாள். உள்ளிருந்தபடியே கதவைத் தள்ளி மூடிக்கொண்டாள். மேஸ்திரி உடனே திரும்பிச் சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு, அங்கே தொங்கிய காலண்டரை முதல் தேதியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.

உள்ளே தண்ணீர் விழும் சத்தம். நின்று, மறுபடியும் விழும் சத்தம். அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று.

“இன்னா சார், கதவு கிதவு மாட்டிக்கிச்சா?” என்று காலண்டரைப் பார்த்தபடியே கிசுகிசுத்தார்.

“இல்லை மேஸ்திரி. குளிக்கிறாள்.”

கதவு ஓடித் திறந்தது. ஈரத்தலையோடு வெளியே வந்தவள், என்னைக் கடந்து அவரைப் பார்த்தாள்.

“மேஸ்திரி, அந்தச் சொம்பை இப்படிக் குடுங்க.”

அவர் இரு கைகளாலும் எடுத்துக் கொடுத்தார். நிறுத்தாமல் முழுவதையும் குடித்துவிட்டு, இன்னொரு சொம்பு கேட்டாள்.

அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல், கடைசி மூன்று நாட்கள் நீங்கலாக, ஒருநாள்கூட எவரையும் அவள் அழைத்ததில்லை. சென்ற ஆவணியில் காலமானாள். நாற்காலியைத் தேவைப்பட்ட ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். கதவு இருக்கிறது.

மாதம் ஒருமுறை நான் மேஸ்திரியை அழைத்து, கதவு சற்று இழுக்கிறது என்று சொல்கிறேன். அவர் இரண்டு வண்டி மாறி வருகிறார். சென்ற ஞாயிறும் வந்தார். கதவை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தார். எண்ணெயில் ஓடுவதுபோல் ஓடியது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, டேப்பை வைத்து, வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

“ஆமா சார். ரெண்டு மில்லி எறங்கிக்கீது. ஒரே நாள்ல ஆவற வேல இல்ல. அடுத்த மாசம் வந்து பாக்கறேன்,” என்றார்.

அவர் தோளுக்குப் பின்னாலிருந்து நானும் டேப்பைப் பார்த்தேன். ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை. அடுத்த மாதம் எந்த ஞாயிற்றுக்கிழமை என்று கேட்டுக்கொண்டு, காப்பி கலக்க உள்ளே போனேன்.